குடத்துக்குள் இருந்த நோட்டு

"வீட்டையும் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டு, எழுதவும் உங்களுக்கு எப்படி நேரம் கிடைத்தது?" என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நேரம் என்ன ரேஷன் கடையிலா கொடுத்தார்கள், கார்டைக் காட்டி வாங்கிக்கொள்ள? எழுதுகிற ஆம்பிளை யாரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். கோபம் தணிந்த பிறகு உண்மையைச் சொல்வேன். எனக்கு நேரம் கிடைத்தது தெருக்குழாயடியில். அதை எனக்குக் கிடைக்கச் செய்தவள் ஒருத்தி. அவளைப் பற்றிச் சொன்னால் அவளுக்கு நான் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் திறந்து ஒன்றிரண்டு வருசம் ஆகியிருந்தது. நாங்கள் தூத்துக்குடியில் கடற்கரைக்குப் போகிற பாதையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். நான் நாசரேத்தில் பிறந்து அங்கேயே டீச்சர் டிரெயினிங் முடித்தவள். பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தேன். என் வீட்டுக்காரர் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. இரண்டு பிள்ளைகள்: பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு.

அந்த வீட்டில் நான் எத்தனை மணி நேரம் நின்றாலும் யாருக்கும் என் நினைப்பு வராது. உட்கார்ந்தால் போதும், நாலு திசையிலிருந்தும் கூப்பிடுவார்கள். ஒரு நோட்டை மடியில் விரித்து இரண்டு வரி எழுதியிருப்பேன். "சும்மாதான இருக்க, இந்தச் சட்டைக்குப் பொத்தானக் கொஞ்சம் தச்சிரேன்" என்று அவர் வந்து நிற்பார். பொத்தானைத் தைத்து முடித்தால் மகளுக்குச் சிலேட்டுக் குச்சி காணாமல் போயிருக்கும். குச்சியைத் தேடிக் கொடுத்தால் மகனுக்குப் பசிக்கும். அவனுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால் திருத்த வேண்டிய நாற்பது கணக்கு நோட்டு மேசையில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். அவர் கெட்ட மனுசர் இல்லை. நான் எழுதுவதில் அவருக்குப் பெருமைகூட உண்டு, ஆபீசில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் எழுதுகிறவளுக்கு எழுத ஒரு மணி நேரம் வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தை 'ணங்'கென்று வைப்பேன், அவ்வளவுதான்.

இப்போது குழாயடிக்கு வருகிறேன். எங்கள் தெரு முழுவதற்கும் ஒரே குழாய். தண்ணீர் காலையில் ஐந்தரைக்கும் வரும், ஏழு மணிக்கும் வரும். அது திறந்துவிடுகிறவர் இஷ்டம். வந்தால் முக்கால் மணி நேரம் வரும். அதனால் ஐந்து மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிடுவோம். மனுசர் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். அடுத்தவள் குடத்தைத் தள்ளி வைத்தால் அது பெரிய குற்றம், தெருவே கூடிவிடும். ஆனால் தண்ணீர் வந்து முறை வரும்போது ஆள் இல்லை என்றால் பின்னால் இருக்கிறவள் தாண்டிப் போகலாம். அதில் தப்பில்லை. அப்படித் தாண்டாமல், ஆள் இல்லாத குடத்தையும் பிடித்து ஓரமாக வைக்கிறவள் சிநேகிதி. எங்கள் தெருவில் யாருக்கு யார் வேண்டியவர் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எந்தக் குடத்துக்குப் பின்னால் எந்தக் குடம் நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லாரும் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி அடுப்பைப் பற்ற வைப்பார்கள். நானும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் உடம்பு அசதியில் குழாய் மேடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் கழிந்தது. அரை மணி நேரம் கழிந்தது. ஒரு ஆள்கூட என்னைக் கூப்பிடவில்லை. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. 'அம்மா தண்ணிக்கு நிக்கா' என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. நான் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணும்போதுகூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

மறுநாளே நோட்டோடு போனேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போன வருசம் எழுதிப் பாதியில் விட்ட நோட்டுகளில் மிச்சத் தாள்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்த நோட்டு அது. பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொள்வேன். நோட்டைச் சுருட்டி வெறுங்குடத்துக்குள் போட்டுக்கொள்வேன். டீச்சர் குழாயடியில் உட்கார்ந்து என்னவோ கிறுக்குகிறாள் என்று நாலு பேர் பேசக் கூடாதே என்று ஒரு வெட்கம். யாராவது வந்தால் நோட்டு குடத்துக்குள் போய்விடும்.

என் குடத்துக்குப் பின்னால் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரியின் குடம் நிற்கும். கீழவைப்பாரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், என் வயதுதான். அவளுடைய வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். தெருவில் எல்லாரும் அவளை ஊர்ப் பெயரால் 'கீழவைப்பாரு' என்றே கூப்பிடுவார்கள். அவளுக்கு ஒரு குரல் உண்டு. குழாயடியில் பேசினால் தெருக்கோடியில் பால் கறக்கிறவருக்குக் கேட்கும். என் வெட்கமெல்லாம் அவளிடம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"என்னளா, தெனமும் குடத்துக்குள்ள கைய விட்டு எதையோ எடுக்க? முட்டாசு மிட்டாயா வச்சிருக்க?" என்று கேட்டாள்.

"கதை எழுதுதேன்" என்றேன்.

"கதையா? யாருக்கு?"

அந்தக் கேள்வியை அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. பத்திரிகைகளுக்கு அனுப்புவேன், திரும்பி வரும். யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்குச் சொல்லு" என்று எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. செபமாலை, பிரார்த்தனை, கோயில் பாட்டு எல்லாம் காதால் கேட்டே மனப்பாடம். அன்றிலிருந்து எழுதினதை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நான் எழுத ஆரம்பித்தால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். வேறு யாராவது என்னிடம் பேச வந்தால், "டீச்சருக்குத் தலவலி, அங்கன போங்க" என்று விரட்டிவிடுவாள். தண்ணீர் வந்துவிட்டால், "நீ எழுதுளா, நான் பிடிக்கேன்" என்று என் குடத்தையும் சேர்த்துப் பிடிப்பாள். எழுதி முடித்ததும், "ம், சொல்லு" என்பாள். அதுதான் கூலி.

அந்தச் சமயத்தில் வானொலி நிலையத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் அனுப்பியிருந்த ஒரு சின்ன நாடகத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் கூடவே நாலு வரி. பேச்சு உங்களுக்கு இயல்பாக வருகிறது, பெண்கள் நிகழ்ச்சிக்கு அரை மணி நேர நாடகம் ஒன்று எழுதி இந்த மாதக் கடைசிக்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள் என்று இருந்தது. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. சோறு வடிக்கும்போதுகூட இடுப்பில் செருகியிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எழுதுகிறவள் என்று ஒருதரமாவது என்னை வெளியே நாலு பேர் சொல்ல வேண்டும், இதுவும் போகவில்லை என்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பொத்தான் தைக்கப் போய்விடுவது என்று முடிவே பண்ணிவிட்டேன். இதை அவளிடம் மட்டும் சொன்னேன். "மாசக் கடைசிதான? எழுதிப்புடலாம்" என்றாள், என்னமோ இரண்டு பேரும் சேர்ந்து எழுதப்போகிற மாதிரி.

நாடகம் இதுதான். ஒரு பெண்ணுக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், பகலில் படுத்துத் தூங்க ஆசை. உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். வெளியே ஒவ்வொருவராக வந்து தட்டுகிறார்கள். புருசன் வேட்டி எங்கே என்கிறான். பிள்ளைகள் பசிக்கிறது என்கின்றன. பக்கத்து வீட்டுக்காரி உழக்கு அரிசி கேட்கிறாள். "பால்காரன வர வைளா. நேரங்கெட்ட நேரத்துல வாரவன் அவன்தான்" என்று கீழவைப்பாரு சொன்னாள். பால்காரனும் வந்தான். கடைசியில் அந்தப் பெண் கதவைத் திறந்து அழுது, புருசனிடம் மன்னிப்புக் கேட்டு அடுப்படிக்குள் போகிறாள். வானொலியில் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அந்த முடிவை வாசித்துக் காட்டியபோது கீழவைப்பாரு "ம்" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாதம் முடிய பத்து நாள் இருக்கும்போது நாடகம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக்கூடப் போகாமல், ஊற்றுப் பேனாவில் நீல மை நிரப்பி, புது நோட்டு ஒன்றில் மணி மணியாக நல்ல பிரதி எடுத்தேன். எடுத்து முடித்த பெருமையில் என்ன செய்தேன் தெரியுமா? பென்சிலில் எழுதிய பழைய தாளையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். கோட்டிக்காரி! மறுநாள் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை வாசித்துப் பார்ப்போம் என்று அந்தப் புது நோட்டையும் வழக்கம் போலச் சுருட்டிக் குடத்துக்குள் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

உட்கார்ந்து ஐந்து நிமிசம்கூட ஆகியிருக்காது. நோட்டை இன்னும் வெளியில் எடுக்கவில்லை. சின்னவன் அழுதுகொண்டே ஓடி வருகிறான். "அம்மா, அக்கா கைய சுட்டுக்கிட்டா!" எனக்கு உதவி செய்கிறேன் என்று மகள் பால் சட்டியை இறக்கியிருக்கிறாள். போட்டது போட்டபடி ஓடினேன். புறங்கை நன்றாகச் சிவந்திருந்தது. தோசை மாவை அள்ளி அப்பி, ஊதி, மடியில் போட்டுச் சமாதானம் பண்ணுவதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் தண்ணீர் வந்திருக்கிறது. என் குடம் நிறைந்து வாசற்படியில் நின்றது. கீழவைப்பாரு பிடித்து, என் வாசல் வரைக்கும் சுமந்து வந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மகராசி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே குடத்தைத் தூக்கிப் போய் மண்பானையில் சரித்தேன்.

தண்ணீர் நீலமாக விழுந்தது.

கையை விட்டு நோட்டை இழுத்தேன். ஊறிக் கொழகொழத்து வந்தது. ஒரு பக்கத்தில்கூட ஒரு எழுத்து இல்லை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த ஈர நோட்டைத் தூக்கிக்கொண்டு, தலைவிரிகோலமாகக் குழாயடிக்கு ஓடினேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். அவள் தன்னுடைய இரண்டாவது குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குக் கண்ணு தெரியலையா? குடத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துப் பிடிக்க மாட்டியா?"

"என்னளா இருந்துச்சு?" என்றவள் என் கையைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. "ஐயோ மாதாவே! இருட்டுல தெரியலளா. நீ கையில கொண்டு போயிருப்பன்னுல்லா நெனச்சேன். தண்ணி நின்னுருமேன்னு வெரசாப் பிடிச்சிட்டேன்…"

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நோட்டைக் குடத்துக்குள் போட்டவள் நான். மறந்து ஓடியவள் நான். பழைய தாளை எரித்தவளும் நான்தான். இதெல்லாம் எனக்கு அந்த நிமிசமே தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கத்தினேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்? எழுத்துன்னா என்னன்னு தெரிஞ்சவளுக்குல்லா தெரியும்! ஒரு கைநாட்ட நம்பி வச்சேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்."

கீழவைப்பாரு நிறையாத குடத்தை அப்படியே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனாள். அவ்வளவு பெரிய குரல்காரி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

வீட்டில் அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "சரி விடு, திரும்ப எழுதினாப் போச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தண்ணியக் கொட்டிராத, முருங்கைக்கு ஊத்தலாம்" என்றார். முருங்கைக்குத்தான் ஊற்றினேன்.

மறுநாள் காலையில் என் குடத்துக்குப் பின்னால் அவள் குடம் இல்லை. வரிசையில் ஆறேழு குடம் தள்ளி முன்னால் நின்றது. தெருவுக்கே விசயம் தெரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவள், நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் குடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அன்றைக்கு ஒரு குடம் தண்ணீரோடு சமைத்தோம். அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. குடத்தின் பக்கத்திலேயே காவல் நின்றேன்.

நின்றுகொண்டே நாடகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். கதை தெரிகிறது, பேச்சு வரவில்லை. யார் முதலில் தட்டினார்கள், புருசன் என்ன சொன்னான், எங்கே சிரிப்பு வரும், ஒன்றும் கூடி வரவில்லை. எழுதிய இரண்டு பக்கம் மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முதல் நாளே தெரியும். தெரிந்து என்ன? பிள்ளைகளுக்கு, "சாரி சொல்லு, கைகொடு" என்று தினம் பத்துத் தடவை சொல்லிக் கொடுக்கிற டீச்சர் நான். எனக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

ஐந்தாம் நாள் காலை. மாதம் முடிய இன்னும் நாலு நாள்தான். தண்ணீர் இன்னும் வரவில்லை. தெருவுக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்திருந்த புதுக்கோட்டைப் பொண்ணு ஒருத்தி, முன்னால் நின்ற கீழவைப்பாரிடம், "அக்கா, கதவப் பூட்டிக்கிட்ட பொம்பள கதைய நீங்க பாதில விட்டுட்டியளே, அவ என்ன ஆனா?" என்று கேட்டாள்.

"அதுவா? மொதல்ல இருந்தே கேளு" என்றாள்.

நான் ஆறேழு குடம் பின்னால் நிற்கிறேன் என்பதை அவள் கவனிக்கவில்லை. அவள் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லவில்லை, நடித்தாள். புருசன் பேச்சைப் புருசன் குரலில் பேசினாள். பால்காரனுக்கு மூக்கால் பேசினாள். கதவைத் தட்டுகிற இடத்தில் வெறுங்குடத்தைத் தட்டினாள். புருசனுக்கு நான் எழுதியிருந்த ஒரு பேச்சைக்கூட அவள் விடவில்லை. பால்காரன் எத்தனை தடவை செருமுவான் என்பதுவரைக்கும் சரியாக வந்தது. கதவைத் திறக்கிற இடம் வரைக்கும், சொல்லுக்குச் சொல், என் நாடகம் அவள் வாயில் இருந்தது. வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். நான் என் குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதேன். நாடகம் கிடைத்துவிட்டதே என்று வந்த அழுகை மட்டும் இல்லை அது. இவளையா அப்படிச் சொன்னேன் என்று வந்த அழுகையும்தான்.

என் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் குடத்துக்குப் பின்னால் வைத்தேன். அது பெரிய குற்றம். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"நான் சொன்னது தப்புளா. அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாது. என்ன மன்னிச்சிரு" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். ஏசியதும் எல்லாருக்கும் முன்னால்தானே.

அவள் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர் போயி எங்கிட்ட மன்னிப்புக் கேக்கலாமா? நீங்க படிச்சவிய. எழுத்துன்னா என்னன்னு தெரியாதவ நான்."

'நீங்க' என்று அவள் சொன்னது அறைந்த மாதிரி இருந்தது. "நீங்கன்னு சொல்லாதளா. ஏசணும்னா நல்லா ஏசு" என்றேன்.

கொஞ்ச நேரம் குடத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "வலிச்சுதுளா" என்றாள். "எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து எம்புட்டோ பேசுவாரு. இதச் சொன்னதில்ல. நீ சொல்லிட்ட." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சரி, பென்சில எடு. மாசம் முடியப் போவுதுல்லா?"

மூன்று நாள் காலையில் அவள் சொன்னாள், நான் எழுதினேன். புதுக்கோட்டைப் பொண்ணு எங்கள் இரண்டு பேர் குடத்தையும் பிடித்து வைத்தாள். கடைசிக் காட்சி வந்தது. அந்தப் பெண் கதவைத் திறக்கிற இடம். கீழவைப்பாரு நிறுத்திவிட்டாள்.

"அவ தொறக்க மாட்டா" என்றாள்.

"தொறப்பா. நான் எழுதியிருந்தேன்ல, அழுதுகிட்டே…"

"அது நீ எழுதினது. எனக்கு அன்னைக்கே பிடிக்கல, சொல்லாம இருந்தேன். அம்புட்டுப் பாடுபட்டுப் பூட்டின கதவ எவளாவது தொறப்பாளா? உள்ள இருந்தே சொல்லுவா: 'சோறு பானையில இருக்கு, போட்டுத் தின்னுங்க'ன்னு. அம்புட்டுதான். திரும்பிப் படுத்துக்கிடுவா."

எனக்குப் பயமாக இருந்தது. இப்படி எழுதினால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்றேன். "எடுக்காட்டிப் போறாவ. நீ பொய் எழுதாத" என்றாள். அப்படியே எழுதினேன். அன்று மத்தியானமே பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நல்ல பிரதி எடுத்து, எக்ஸ்பிரஸ் தபாலில் சேர்த்தேன்.

எடுத்துக்கொண்டார்கள். கடைசி வசனம் மிக நன்றாக இருக்கிறது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ஒலிபரப்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கீழவைப்பாரு வீட்டில் ரேடியோ கிடையாது, என் வீட்டில் வந்து கேட்பதாக ஏற்பாடு. திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். எங்கேயோ குழாய் உடைப்பு என்று தெருவில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. நாடகத்துக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது தெருவில் கூச்சல்: "தண்ணி வந்துட்டு! தண்ணி வந்துட்டு!"

நான் பதறி எழுந்து குடங்களை எடுத்தேன். குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லாத வீடு, வேறென்ன செய்ய? அவள் என் கையிலிருந்து குடங்களைப் பிடுங்கினாள்.

"நீ எங்க போற? உள்ள இரு."

"நீயும் கேக்கணும்லாளா!"

"எனக்கென்ன, நான் கேக்காததா? நான் சொன்னதுதான" என்றாள். என் ஐந்து குடத்தையும் தூக்கிக்கொண்டு, வெளியே போய், கதவைப் படாரென்று இழுத்துச் சாத்தினாள்.

ரேடியோவில் என் பெயரைச் சொன்னார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நாடகம் ஓடியது. பால்காரன் வந்தபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். 'சோறு பானையில இருக்கு, போட்டுத் தின்னுங்க' என்று அந்தப் பெண் சொல்லி நாடகம் முடிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். பிறகு எழுந்து போய், "பானையிலதான இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்து வைத்தார். கல்யாணமாகி ஒன்பது வருசத்தில் முதல் தடவை.

கதவைத் திறந்தேன். வாசலில் ஐந்து குடமும் வரிசையாகத் தளும்ப நின்றன. கீழவைப்பாரு பச்சைச் சேலை முழங்கால் வரைக்கும் நனைந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிட்டா? தொறந்தாளா?"

"தொறக்கல."

"ம்" என்று தலையை ஆட்டினாள். "யாரு எழுதினதுன்னு சொன்னாவளா?"

"சொன்னாங்க."

"யாருன்னு?"

"எம் பேரச் சொன்னாங்க" என்றேன்.

"பின்ன வேற யாரு பேரச் சொல்லுவாவ?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் வீட்டு வாசலில் அவளுடைய இரண்டு குடமும் வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தன. "என் முறை வரும்போது நின்னுட்டுளா. பரவால்ல, காலைல வரும்" என்றாள்.

நான் என் குடத்தில் இரண்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அவள் குசினிக்குள் போய்ப் பானையில் ஊற்றினேன். நாளைக்கே நிலையத்துக்கு எழுதிப் போட வேண்டும், இதை எழுதியவர் இரண்டு பேர் என்று. அப்படி நினைத்த பிறகுதான் அந்த இன்னொரு பெயர் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. நாலு வருசம் அடுத்தடுத்த வீடு. கீழவைப்பாரு, கீழவைப்பாரு என்றே கூப்பிட்டுக் கழித்துவிட்டேன். என் மேல் எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது.

"ஒன் பேரு என்னளா?" என்று கேட்டேன்.

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவளும் நிறுத்திவிட்டு, கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த முழுப் பெயரையும் சொன்னாள். நான் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து, மறந்துவிடக் கூடாது என்று, கையில் தாள் இல்லாததால் அந்தக் குசினிச் சுவரிலேயே எழுதினேன்.

அவள் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் விரலால் தடவினாள்.

"இம்புட்டுதானா நான்?" என்றாள்.